நாக்கில்லாத தாந்தோ பேசிய சனிக்கிழமை

சுல்மாவின் புருஷன் கிளெர்விலுக்குக் கல்யாணம் என்ற செய்தி ஜாக்மெல் பஸ் நிலையம் முழுக்கச் சுற்றிவிட்டு, கடைசியாகத்தான் சுல்மாவின் காதுக்கு வந்தது. அங்கே வாசலில் அடுப்பு வைத்துப் பன்றிக்கறி பொரித்து விற்கிறவள் அவள். கறியோடு ஊர் வம்பையும் சுடச்சுடப் பரிமாறுகிறவளுக்குத் தன் வீட்டு வம்பு ஆறிப்போய்த்தான் கிடைத்தது.

புருஷன் என்று சொல்வதும் ஒரு மரியாதைக்குத்தான். பதினான்கு வருஷமாக ஒரே கூரை, ஒரே படுக்கை, இரண்டு பெண் பிள்ளைகள். மோதிரம் கிடையாது, காகிதம் கிடையாது. எங்கள் ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் சேர்ந்து இருக்கிறார்கள், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பெரிதாக எடுத்துக்கொள்கிற ஒரே ஆள் பாதிரியார். மூத்தவள் முதல் நற்கருணை வாங்கிய அன்று கல்யாணமான அம்மாக்கள் மட்டும் பிள்ளைகள் கூடவே நடந்து போய் முன்னால் நின்றார்கள். சுல்மா புது உடுப்போடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். "நீ ஏம்மா வரல?" என்று பிள்ளை வந்து கேட்டது. "முட்டி வலிடி" என்றாள் சுல்மா. அந்த முட்டி வலி இரண்டு வருஷமாக அவளுக்கு நெஞ்சில் இருக்கிறது.

அவளும் கேட்காமல் இல்லை. வருஷத்துக்கு நான்கு தரம் கேட்டாள், அதுவும் தெருவுக்கே கேட்கும்படி கேட்டாள். கிளெர்வில் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் ஒரே பதிலைத்தான் சொல்வான்: "வசதி வரட்டும் சுல்மா. கல்யாணம்னா சும்மாவா? கேக்கு வேணும், கவுன் வேணும், ஷாம்பெயின் வேணும்." சொல்லிவிட்டு மெஷினை மிதிப்பான்.

அப்படிப்பட்டவனுக்குக் கல்யாணம் என்று சொன்னவள் பக்கத்தில் காப்பி விற்கிற மிமோஸ். கெட்ட செய்தி சொல்லும்போது அவளுக்கு முகம் பளபளவென்று இருக்கும்.

"ஏண்டி சுல்மா, பொண்ணு யாருன்னு கூடக் கேக்க மாட்டியா?"

"எந்தப் பொண்ணு?"

"உன் கிளெர்வில் கட்டிக்கப் போற பொண்ணு. வர்ற சனிக்கிழமை, லுமேன் அம்மா கோயில்ல. ஊருக்கே தெரியும்."

சுல்மா எண்ணெயிலிருந்து கரண்டியை எடுத்தாள். "எவடி அவ? அந்த ரொட்டிக் கடைக்காரியா? சொல்லு, இந்தக் கரண்டியோடவே போறேன்."

"கரண்டிய கீழ வை. எசிலி ஃப்ரேடா."

சுல்மா மூச்சை விட்டாள். அப்பாடா என்று இருந்தது. அடுத்த நிமிஷமே வயிறு எரிந்தது. மனுஷியாக இருந்தால் கொண்டையைப் பிடித்து இழுத்துத் தெருவில் போட்டுக் கேட்கலாம். சாமியை என்ன செய்வது?

அதுவும் எசிலி வீட்டுப் பெண்கள். அந்தக் குடும்பத்தில் அக்கா தங்கைகள் எத்தனை பேர் என்று பூசாரிகளே சரியாகச் சொல்வதில்லை. ஃப்ரேடாவும் தாந்தோவும்தான் அடிக்கடி வந்துபோகிறவர்கள். ஃப்ரேடாவுக்கு ரோஸ் நிறமும் சென்ட்டும் இனிப்பும் வேண்டும். மூன்று பெரிய சாமிகளை ஏற்கெனவே கட்டிக்கொண்டு மூன்று மோதிரத்தோடு இருக்கிறாள், இருந்தாலும் ஆசை தீரவில்லை, மனுஷப் புருஷனும் தேடுகிறாள். தாந்தோ அப்படியே நேர் எதிர். கறுத்த, முரட்டு உழைப்பாளி, பிள்ளைக்காரி, கையில் கத்தி. சாராயமும் பொரித்த பன்றியும் இருந்தால் போதும். அடிமைகளின் விடுதலைச் சண்டையில் ரகசியம் வெளியே போய்விடும் என்று சொந்த ஆட்களே அவள் நாக்கை அறுத்துவிட்டார்கள் என்பார்கள். அதனால் அவள் யார் மேல் வந்தாலும் "கெ கெ கெ" என்பதைத் தவிர ஒரு வார்த்தை வராது. இரண்டு பேருக்கும் எலிக்கும் பூனைக்கும் உள்ள உறவு. அக்கா ஃப்ரேடாவை ஒருவன் கட்டினால் அதே நாளில் தங்கை தாந்தோவையும் கட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் தங்கை அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.

சுல்மா அடுப்பை மிமோஸிடம் விட்டுவிட்டு நேராகத் தையல் கடைக்குப் போனாள். கிளெர்வில் ரோஸ் நிறப் பட்டுத் துணி தைத்துக்கொண்டிருந்தான். கழுத்தில் எப்போதும் போல அளவு நாடா.

"யாருக்குய்யா இந்தக் கவுன்?"

அவன் திருதிருவென்று விழித்தான். "சொல்லணும்னுதான் இருந்தேன் சுல்மா. மூணு மாசமா கனவுல வர்றாங்க. ரோஸ் டிரெஸ் போட்டுக்கிட்டு, கட்டில் ஓரத்துல ஒக்காந்துக்கிட்டு, 'எப்போது என்னை மணப்பாய்'னு ஒரே கேள்வி. நான் பதில் சொல்லல. ஊசியா ஒடையுது. போன வாரம் நீதிபதி ஐயாவோட கால்சட்டைக்கு ரெண்டும் எடது காலா வெட்டிட்டேன். லுமேன் அம்மாகிட்ட போனேன். 'கட்டிக்கோ, இல்லாட்டி அடுத்தது கை போகும்'னுட்டாங்க."

"கேக்கு உண்டா?"

"மூணு அடுக்கு."

"ஷாம்பெயின்?"

"அது இல்லாம அவங்க வர மாட்டாங்களே."

"பதினாலு வருஷமா வராத வசதி இப்ப எங்கேருந்துய்யா வந்துச்சு?"

"சாமி கேக்குது சுல்மா!"

"நானுந்தான் கேட்டேன்!"

"நீ கேட்டப்ப ஊசி ஒடையலையே" என்றான் கிளெர்வில். கேலியாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னான். அதனால்தான் சுல்மாவுக்கு அது சுருக்கென்று தைத்தது.

வாசல் வரை போனவளைக் கூப்பிட்டான். "சுல்மா, கோவிக்காத. தாந்தோவுக்குப் பொரிச்ச பன்னி வைக்கணும். ஒன் கைப்பக்குவம் யாருக்கு வரும்? கொஞ்சம் பாத்துக்கறியா?"

இதற்கு என்ன பதில் சொல்வாள்? சட்டியைத் தூக்கி அவன் தலையில் கவிழ்த்திருக்க வேண்டும். ஆனால் தொழில் கர்வம் என்று ஒன்று இருக்கிறதே. வேறு எவளாவது பொரித்து, அதுவும் கல்யாண மேஜையில் சவசவவென்று கிடந்தால் யாருக்கு அவமானம்? சரி என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் கோயில் கூடத்தில் எள் போட்டால் எண்ணெயாகிவிடும், அத்தனை கூட்டம். நடுத்தூணுக்கு வலப்பக்கம் ஃப்ரேடாவின் மேஜை: ரோஸ் துணி, மூன்று அடுக்குக் கேக்கு, உறை பிரிக்காத சோப்பு, புதுத் துண்டு. இடப்பக்கம், நல்ல தூரம் தள்ளி, தாந்தோவின் மேஜை: நீலத் துணி, மிளகாய் ஊறப்போட்ட சாராயம், கத்தி. இரண்டையும் ஒரே மேஜையில் வைத்து வீடு எரிந்த கதை எங்கள் பக்கத்தில் உண்டு. நடுவே ஒரு நாற்காலியில் ஒனில் ஐயா உட்கார்ந்திருந்தார். பாதிரியாரிடம் எடுபிடியாக இருந்த பழைய கோயிற்பிள்ளை, இப்போது சாமிக் கல்யாணங்களுக்கு ஜெபம் வாசித்துக் காகிதம் எழுதிக் கொடுக்கிறவர். அவர் எழுதுகிற காகிதம் அரசாங்க ஆபீஸில் செல்லாது. ஆனால் அரசாங்கம் எழுதிய காகிதத்தை மீறிப் போன ஆண்கள் ஜாக்மெலில் எத்தனையோ பேர், ஒனில் ஐயாவின் காகிதத்தை மீறினவன் ஒருத்தனும் இல்லை.

மேளம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் ஃப்ரேடா பூசாரியம்மா லுமேன் மேல் வந்துவிட்டாள். லுமேன் தடித்த உடம்புக்காரி, பேச்சிலே மண் வாசனை அடிக்கும், பிரெஞ்சில் ஒரு எழுத்துத் தெரியாது. இப்போது ரோஸ் கவுனுக்குள் நளினமாக அசைந்து, சீமாட்டிகள் பேசுகிற சுத்தமான பிரெஞ்சில், "என் மணவாளர் எங்கே? இந்தச் சோப்பை யாரேனும் முகர்ந்து பார்த்தீர்களா? உண்மையைச் சொல்லுங்கள்" என்றாள். ஆண்களையெல்லாம் கன்னத்தில் முத்தமிட்டாள். பெண்களுக்குச் சுண்டு விரலை மட்டும் நீட்டினாள். சுல்மாவுக்கு அதுவும் கிடைக்கவில்லை, அவள் மேல் எண்ணெய் வாடை.

ஃப்ரேடா கல்யாணம் சிறப்பாக முடிந்தது. கிளெர்வில் விரலிலும் மணமகள் விரலிலும் தங்க மோதிரம் ஏறியது. வியாழக்கிழமை இரவுகள் ஃப்ரேடாவுக்கு, அன்றைக்கு மாப்பிள்ளை தனியாகப் படுக்க வேண்டும் என்று எழுதினார் ஒனில் ஐயா. இனி தாந்தோ வர வேண்டும். மேளக்காரர்கள் அடியை மாற்றி அவளைக் கூப்பிட்டார்கள். வழக்கமாக அவள் மிமோஸ் மேல்தான் வருவாள். மிமோஸ் கண்ணை மூடி நின்றாள், உடம்பை லேசாக ஆட்டியும் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. மேளக்காரர்களுக்கு வியர்த்துக் கொட்டியது. கிளெர்விலின் முகம் வெளுத்தது. தாந்தோ வராமல் போனால் அவன் பாதிக் கல்யாணத்தோடு வீட்டுக்குப் போக வேண்டும், அது சாவுக்குச் சமம்.

சுல்மா அந்த நேரம் பார்த்துக் கறித் தட்டைக் கொண்டுபோய் நீல மேஜையில் வைக்கப் போனாள். அங்கே ஒரு சின்ன டப்பா திறந்திருந்தது. உள்ளே மெல்லிய வெள்ளி மோதிரம், ஒரு கல் கூட இல்லை. இந்த மாதிரி ஒன்றைத்தான் அவள் பதினான்கு வருஷமாகக் கேட்டாள். தங்கம் கூடக் கேட்கவில்லை.

அவளுக்குள் ஏதோ ஒன்று 'இப்போது விழு' என்றது. விழுந்தாள். ஆனால் விழுவதற்கு முன் தட்டைப் பத்திரமாக மேஜையில் வைத்துவிட்டுத்தான் விழுந்தாள். பொரித்த கறியைத் தரையில் கொட்ட அவளுக்கு மனசு வரவில்லை. இதைக் கூட்டத்தில் மிமோஸ் ஒருத்திதான் பார்த்தாள்.

தரையில் உருண்டு எழுந்தபோது சுல்மா கண்ணை உருட்டி, பல்லைக் கடித்து, "கெ! கெ! கெ!" என்றாள்.

"தாந்தோ வந்துட்டா!" என்று கூட்டம் அலறியது. தலையில் நீல முண்டாசு ஏறியது, கையில் கத்தி ஏறியது. கிளெர்வில் கையெடுத்துக் கும்பிட்டான். மோதிரம் என் விரலுக்கு வரும், காகிதம் என் கைக்கு வரும், எவள் பேரில் வந்தால் என்ன என்று சுல்மா நினைத்தாள். அவசரத்தில் போட்ட கணக்கு அது.

முதலில் சாராயத்தைக் கொடுத்தார்கள். முப்பது மிளகாய் ஊறியது. தாந்தோ அதைத் தண்ணீர் மாதிரிக் குடிப்பாள், கண் கலங்க மாட்டாள். சுல்மா குடித்தாள். காதிலிருந்து புகை வராதது ஒன்றுதான் பாக்கி. பிறகு கறித் தட்டை நீட்டினார்கள். தினமும் அந்த வாடையிலேயே நின்று நின்று அவள் பன்றிக்கறியைத் தொட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது. சாமிக்குப் பிடித்த உணவு, முகத்தைச் சுளிக்க முடியுமா? விழுங்கினாள்.

ஒனில் ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனாவை எடுத்தார். "மணமகள் பெயர், மத்மோசல் எசிலி தாந்தோ" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினார். அப்போதுதான் சுல்மாவுக்கு உறைத்தது. காகிதத்தில் தன் பெயர் வரப்போவதில்லை. மோதிரத்தை இன்றைக்குச் சாயங்காலமே கழற்றி மேஜையில் வைக்கச் சொல்வார்கள். செவ்வாய்க்கிழமை இரவுகளும் தாந்தோவுக்குப் போகும். நம் தலையில் நாமே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோமே என்று அவளுக்குப் பதறியது.

வாய் திறந்து சொல்ல வழியில்லை. சைகை செய்தாள். மோதிர விரலைக் காட்டினாள், பிறகு வெளியே தன் அடுப்பு இருக்கும் திசையைக் காட்டினாள்.

சாமி சொல்வதைக் கூட்டத்துக்கு எடுத்துச் சொல்ல மிமோஸ் முன்னால் வந்து நின்றாள். "அம்மா இன்னும் கறி கேக்குறாங்க!"

இரண்டாவது தட்டு வந்தது.

"கெ கெ கெ!" சுல்மா மேஜையைத் தட்டினாள். தூண் பக்கம் நின்ற தன் இரண்டு பெண்களையும் காட்டினாள், கிளெர்விலைக் காட்டினாள், மறுபடி விரலைக் காட்டினாள்.

"பிள்ளைங்களுக்கும் கறி குடுக்கச் சொல்றாங்க! எவ்வளவு பெரிய மனசு!" என்றாள் மிமோஸ். சுல்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். கத்தி தன் கையில் இருப்பது அந்த நிமிஷம் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

கடைசியில் புரிந்துகொண்டவன் கிளெர்வில்தான். நாடாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மண்டி போட்டான்.

"அம்மா, சுல்மாவப் பத்திக் கேக்குறீங்க. இல்லையா? பிள்ள பெத்தவளுக்கு மோதிரம் போடாம எனக்கு எதுக்குடா மோதிரம்னு கேக்குறீங்க."

சுல்மா "கெ" என்று தலையாட்டினாள்.

"ஒங்ககிட்ட பொய் சொல்ல முடியாதும்மா. கத்தி வேற வச்சிருக்கீங்க. வசதி இல்லேன்னு அவகிட்ட சொன்னது பொய்." கூட்டம் ஆ என்றது. "பயம்மா. எங்கப்பா எங்கம்மாவ வயசான காலத்துலதான் கட்டினாரு. அதுவரைக்கும் எங்கம்மா வாய் ஓயாது. கோழிய ஏசும், அப்பாவ ஏசும், மழைய ஏசும். வீடு கலகலன்னு இருக்கும். மோதிரம் போட்ட மாசமே வாய மூடிக்கிச்சு. அப்புறம் சாவற வரைக்கும் ரெண்டு வார்த்த சேந்தாப்ல பேசல. எங்கப்பா சொவத்தப் பாத்துப் பேசுவாரு. எனக்கு சுல்மா சத்தம் வேணும்மா. அவ அங்க பஸ் நிலையத்துல கத்துறது என் கடைக்குக் கேக்கும். அந்தச் சத்தத்துக்குத்தான் நான் மெஷின மிதிக்கறேன். அவ என்ன ஏசாத அன்னிக்குத் தையலே கோணிப் போவுது. மோதிரம் போட்டு அவளும் வாய மூடிட்டான்னா நான் என்னம்மா பண்ணுவேன்?"

சுல்மா பல்லைக் கடித்துப் பார்த்தாள், உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. பதினான்கு வருஷத்தில் அந்த ஆள் இவ்வளவு பேசி அவள் கேட்டதே இல்லை.

"அடப்பாவி மனுஷா!" என்று வெடித்தாள். "இத வாயத் தொறந்து சொல்ல ஒனக்குப் பதினாலு வருஷமா? ஒங்கம்மா வாய மூடினது மோதிரத்தாலயாய்யா? அந்த மாசந்தான் அவங்களுக்கு இருந்த கடைசி நாலு பல்லும் கொட்டிப் போச்சு! பேசினா காத்துதான் வருதுன்னு வெக்கப்பட்டு வாய மூடிக்கிட்டாங்க! ஊருக்கே தெரியும், பெத்த புள்ளைக்குத் தெரியல!"

மேளம் நின்றது.

"பேசிட்டா!" என்று ஒரு கிழவர் கத்தினார். "தாந்தோ பேசிட்டா! நாக்கு மொளைச்சிருச்சு!"

அவ்வளவுதான், கூட்டம் தடதடவென்று மண்டி போட்டது. அழுதவர்கள் உண்டு, மார்பில் அடித்துக்கொண்டவர்கள் உண்டு. பின்னாலிருந்து ஒருத்தன் கூட்டத்தை முண்டிக்கொண்டு வந்து, "அம்மா, பேசறப்பவே அப்படியே லாட்டரிக்கு ஒரு நம்பரும் சொல்லிடுங்க!" என்றான்.

"நிறுத்துங்கள்" என்றாள் ஃப்ரேடா. கேக்கிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் சொன்னாள். "அவள் என் தங்கை அல்ல. என் தங்கைக்கு நாக்கு இல்லை. இவள் பன்றி பொரிப்பவள்."

எல்லாத் தலைகளும் சுல்மா பக்கம் திரும்பின. சாமி வந்ததாக நடித்தவளை எங்கள் ஊர் லேசில் விடாது. சுல்மா முண்டாசை அவிழ்த்து மேஜையில் வைத்தாள், கத்தியை அதன் மேல் வைத்தாள்.

"ஆமாம்மா, நான்தான்" என்றாள். "தப்புதான். தண்டனை குடுங்க, வாங்கிக்கறேன். ஆனா ஒண்ணு. நீங்க மூணு மாசம் கனவுல வந்து கேட்டீங்க, கெடச்சுது. நான் பதினாலு வருஷம் முழிச்சுக்கிட்டே கேட்டேன். எனக்கு என் பேர எங்கயாவது எழுதணும். அவ்வளவுதான்."

ஃப்ரேடா கையிலிருந்த விசிறியை மூடினாள். அவளுக்கு இரக்கம் வந்தது என்று நினைத்தால் நீங்கள் அவளை அறியாதவர்கள். "இவள் பெயர் எங்கும் எழுதப்படவில்லையா?" என்று ஒனில் ஐயாவைக் கேட்டாள்.

"இல்லீங்க சீமாட்டி."

"அப்படியானால் நான் யாருக்கு முன்னால் நிற்கிறேன்? பெயரே இல்லாதவளுக்கு முன்னால் நிற்பது ஒரு பெருமையா? எழுதுங்கள். எனக்குக் கீழே, என் தங்கைக்கும் கீழே, மூன்றாவதாக."

கிளெர்வில் சந்தோஷத்தில் எழுந்தே விட்டான். ஊரும் நல்லபடி முடிந்தது என்று பெருமூச்சு விட்டது. இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்கிறவள்தான் புத்திசாலி. சுல்மா புத்திசாலி இல்லை.

"மூணாவதா? மாட்டேன்!" என்றாள். "அவருக்கு டைபாய்டு வந்து கெடந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க? பிரசவத்துல நான் கத்தினப்ப ஒங்க ரோஸ் கவுன் எங்க இருந்துச்சு? ஒங்களுக்குக் கும்புடு உண்டு, மரியாத உண்டு. மொத எடம் கெடையாது."

சாமியோடு வரிசைக்குச் சண்டை போடுகிறவளை அன்றைக்குத்தான் நாங்கள் பார்த்தோம். ஃப்ரேடாவின் உதடு துடித்தது. "நான் மூன்று தெய்வங்களின் மனைவி" என்றாள்.

"அப்ப ஒங்களுக்கு ஏற்கெனவே மூணு எடத்துல மொத எடம் இருக்கே. எனக்கு இருக்கறது இந்த ஒண்ணுதான்."

ஒனில் ஐயா தொண்டையைக் கனைத்தார். அவர் பயந்த மனிதர். ஆனால் காகிதம் என்று வந்துவிட்டால் அவருக்குப் பயம் கிடையாது. "மன்னிக்கணும் சீமாட்டி" என்றார். "எங்க பதிவுல பெரியவங்க சின்னவங்க கெடையாது. தேதிப்படிதான் எழுதுவோம். இந்தப் பொண்ணு எந்த வருஷம் வந்தா?"

"மூத்தவ பொறக்கறதுக்கு முந்தின வருஷம், கார்னிவல் சமயம்" என்றான் கிளெர்வில். தேதியும் சொன்னான், கிழமையும் சொன்னான். சுல்மா அவனையே பார்த்தாள். அதெல்லாம் அவன் ஞாபகத்தில் இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

"அப்ப இதுதான் மொத" என்று ஒனில் ஐயா புதுக் காகிதத்தை எடுத்தார்.

ஃப்ரேடா அழ ஆரம்பித்தாள். அவள் எப்போது வந்தாலும் கடைசியில் அழுதுகொண்டுதான் போவாள். எவ்வளவு கொடுத்தாலும் உலகத்தில் அவளுக்குப் போதுமான அன்பு இல்லை. புதுத் துண்டு நனைய நனைய அழுது, நாற்காலியில் சாய்ந்து, போய்விட்டாள். சற்று நேரத்தில் லுமேன் கண்ணைத் திறந்து, "எவடா எனக்கு இந்தக் கவுன மாட்டினது, மூச்சு முட்டுது" என்றாள். நடந்ததை நாற்பது பேர் ஒரே நேரத்தில் அவளுக்குச் சொன்னார்கள்.

கிளெர்விலுக்கு ஒரே கவலை. "லுமேன் அம்மா, தாந்தோ வரவே இல்லையே. அந்தக் கல்யாணம் செல்லுமா? இவ நடிச்சதுக்கு அவங்க கோவிச்சுக்க மாட்டாங்களா?"

லுமேன் சுல்மாவை மேலும் கீழும் பார்த்தாள். "எவ்வளவு நேரம் பேசாம இருந்தா?"

"அரை மணி நேரம் இருக்கும்" என்றாள் மிமோஸ். "நான் வேணும்னே சீண்டியும் பாத்தேன். தட்ட வச்சிட்டு விழுந்தப்பவே எனக்குத் தெரியும்."

"இவ பொறந்ததுலேருந்து அரை மணி நேரம் வாய மூடி இருந்தத யாராவது பாத்திருக்கீங்களா? தூங்கறப்பவே பேசறவ இவ. மொளகா சாராயத்தக் குடிச்சு, பன்னிக்கறி ரெண்டு தட்டு தின்னு, பேசாம நின்னிருக்கா. அது இவளாடா?" என்றாள் லுமேன். "கடைசியில கத்தினது இவ. அதுக்கு முன்னாடி நின்னது யாருன்னு எனக்குத் தெரியும். கல்யாணம் செல்லும். எழுதுங்க ஐயா."

சுல்மா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். யோசித்துப் பார்த்தாள். எப்படி முடிந்தது என்று அவளுக்கே இப்போது தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டாள்.

கிளெர்வில் கூச்சத்தோடு பக்கத்தில் வந்தான். வெள்ளி மோதிரம் தாந்தோவின் மேஜையிலேயே இருந்தது, அதை இரண்டு பேரும் தொடவில்லை. அவன் சட்டைப் பையிலிருந்து நூல் எடுத்து அவளுடைய விரலில் சுற்றி, நகத்தால் அடையாளம் வைத்தான்.

"என்னய்யா பண்ற?"

"அளவு எடுக்கறேன். சாமிக்கு எந்த மோதிரமும் பத்தும். ஒனக்குச் சரியா இருக்கணும். எண்ணெயில வேல செய்யற கை, கழண்டு சட்டில விழுந்துரும். வர்ற வாரம் பாதிரியார்கிட்டயும் பேசறேன்."

ஒனில் ஐயா எழுந்து நின்றார். "தையற்காரர் கிளெர்வில் அவர்களின் மனைவியர். முதலாவது, மதாம் கிளெர்வில், பிறந்த வீட்டுப் பெயர் சுல்மா தேராவின்" என்று வாசித்தார்.

சுல்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "இன்னொரு தடவ வாசிங்க ஐயா" என்றாள்.

வாசித்தார்.

"எந்த எடத்துல எழுதியிருக்கீங்க? விரல வைங்க."

அவர் விரல் வைத்துக் காட்டி மூன்றாவது தடவையும் வாசித்தார். அவள் தன் விரலை அந்த வரியின் மேல் வைத்தாள். எண்ணெய்க் கறை பட்டுவிடும் என்று உடனே எடுத்தாள். அப்புறம் கன்னம் இரண்டும் நனைந்து போயின. நிறுத்தப் பார்த்தாள், நிற்கவில்லை. தேம்பித் தேம்பி அழுதாள்.

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. "ஃப்ரேடா திரும்பி வந்துட்டா! சுல்மா மேல வந்துட்டா!" என்று யாரோ கூவினார்கள். மேளக்காரர்கள் அவசரமாகக் குச்சியை எடுத்தார்கள். மிமோஸ் சென்ட் பாட்டிலையும் ரோஸ் சால்வையையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

சுல்மா முழங்கையால் அவளைத் தள்ளினாள்.

"அத எடுத்துட்டுப் போடி. யாரும் வரல. நான்தான் அழறேன்."